"ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்று கேட்டால்...



நம் அறக்கட்டளையின் உதவித்தொகையில் படித்த பிள்ளைகள் பலர், எழுத்துத் தேர்வில் நல்லபடியாகத் தேறிவிட்டு நேர்முகத் தேர்வில் திரும்பி வருகிறார்கள். ஆங்கிலம் போதவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். சிலருக்கு அது உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் மாதிரி நேர்முகம் நடத்திப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த காரணம் வேறு. கேட்கிற கேள்வி ஒன்று, சொல்கிற பதில் ஒன்று.

இப்போது பெரிய நிறுவனங்கள் பலவற்றில், "உங்கள் பலம் என்ன?" என்பதோடு விடுவதில்லை. "நெருக்கடியில் ஒரு சிக்கலைத் தீர்த்த சம்பவம் சொல்லுங்கள்", "ஒத்துவராத ஒருவரோடு சேர்ந்து வேலை பார்த்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். இதற்குத் திறன் அடிப்படையிலான நேர்முகம் என்று பெயர். ஒருவர் முன்பு நடந்துகொண்டதை வைத்து நாளை எப்படி நடப்பார் என்று கணிக்கிறார்கள். அந்த வேலைக்கு வேண்டிய திறன்களை முன்கூட்டியே எழுதி வைத்து, பதிலுக்குப் பதில் மதிப்பெண் போடுகிறார்கள். அமேசான் நிறுவனம், தான் எதிர்பார்க்கும் தன்மைகளை இணையதளத்திலேயே வெளியிட்டிருக்கிறது. மற்ற இடங்களில் வேலை அறிவிப்பை நிதானமாகப் படித்தாலே பாதிக் கேள்விகள் தெரிந்துவிடும்.

மாதிரி நேர்முகத்தில் ஒரு தம்பியிடம், குழுவாக வேலை பார்த்த அனுபவம் கேட்டேன். "நான் நல்ல டீம் பிளேயர் சார்" என்றார். சம்பவம் கேட்டேன். "பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி கொடுத்தோம். எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்." அதோடு முடித்துவிட்டார். தோண்டித் தோண்டிக் கேட்டபிறகுதான் விஷயம் வந்தது. அஸருக்குப் பிறகு தூக்குவாளிகளோடு ஒரே தள்ளுமுள்ளு. கடைசியில் வருகிற பெண்களும் பிள்ளைகளும் வெறும் வாளியோடு திரும்பியிருக்கிறார்கள். இவர் மூன்று நாள் வாளிகளை எண்ணி, பிள்ளைகளுக்குத் தனி வரிசை போட்டு, எத்தனை படி அரிசி கூட வேண்டும் என்று சமையல்காரரிடம் கணக்கோடு பேசியிருக்கிறார். அதன்பின் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. இதையல்லவா தம்பி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. ஸ்டார் முறை என்பார்கள். சூழ்நிலையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். நம் பிள்ளைகள் அங்கேயே ஊர்க்கதை பேசி நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். மதிப்பெண் விழுவது நீங்கள் செய்ததற்கு. விளைவில் ஓர் எண் இருந்தால் நல்லது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் போதும்.

"நான் செய்தேன்" என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். அது பெருமையடிப்பது, முகஸ்துதி என்று வளர்த்திருக்கிறோம். சூரா யூசுஃபின் 55ஆம் வசனத்தைப் பாருங்கள். களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி கேட்கும் யூசுஃப் நபி (அலை) அவர்கள், தாம் பாதுகாப்பவர், விவரம் அறிந்தவர் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். கேட்கப்பட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வது பெருமையடிப்பது ஆகாது. கூட இருந்தவர்களின் பங்கையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கூச்சத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. யூடியூபில் வரும் ஆயத்தக் கதைகளைச் சிலர் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். "அவர் அப்போது என்ன பதில் சொன்னார்?", "இன்று செய்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று இரண்டு துணைக்கேள்வி வந்தால் கதை கிழிந்துவிடும். கிழியாமல் வேலை கிடைத்தாலும், பொய் சொல்லி வாங்கிய சம்பளம் வீட்டுக்கு வரலாமா என்று பெற்றோர்தான் யோசிக்க வேண்டும்.

"அனுபவமே இல்லை" என்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நிவாரணப் பொருளைப் பிரித்து வீடுவீடாகச் சேர்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். மக்தபில் அடங்காத பிள்ளையை உட்கார வைத்து ஓதவைத்த தங்கைகள் இருக்கிறீர்கள். உம்மாவின் ஆபரேஷனுக்காக வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு அலைந்து, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துக் கொடுத்த பெண்பிள்ளைக்கு விடாமுயற்சி பற்றி யார் பாடம் நடத்துவது? கல்லூரி புராஜெக்டில் ஒன்று, வீட்டில் ஒன்று, ஜமாஅத் வேலையில் ஒன்று என்று ஆறேழு சம்பவங்களை எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்று தோற்றுப்போன சம்பவமாக இருக்கட்டும். அதையும் கேட்பார்கள்.

எழுதியதைப் படித்து மனப்பாடம் செய்யாமல், வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். இன்ஷா அல்லாஹ், ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் மாதிரி நேர்முகம் நடக்கும். சம்பவங்கள் எழுதிய நோட்டையும், விண்ணப்பித்த வேலையின் அறிவிப்பையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். பெண்பிள்ளைகள் வாப்பாவையோ உம்மாவையோ அழைத்து வரலாம்.