செய்தியில் நீதியும் நேயர்களின் பொறுப்பும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் எமது கிராமங்களில் ஒரு குறை தவறாமல் எழும். "இவங்கள் ஒரு பக்கத்துச் செய்தியைத்தானே சொல்லுவாங்கள்" என்று தேநீர்க் கடையிலும் சங்கக் கட்டடத்திலும் பேசிக்கொள்வோம். பேசியபின் வீட்டுக்குப் போய் அதே வானொலியைத் திருப்பிவிடுவோம். செய்தியை எப்படித் தருவது என்பது ஆசிரியருக்கும் முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் உரிய காரியம், கேட்பவர்களாகிய நமக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இந்த எண்ணம் சரியானதா? இப்பாடத்தில் ஒரு உண்மை வரலாற்றின் துணையுடன் இதனை ஆராய்வோம்.

ஜக்சன் நகரத்தின் கதை

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி மாநிலம் உள்ளது. அதன் தலைநகர் ஜக்சன். 1950களில் அங்கு டபிள்யூ.எல்.பி.ரி. என்னும் தொலைக்காட்சி நிலையம் இயங்கிவந்தது. ஓர் ஆயுட்காப்புறுதிக் கம்பனியே அதன் உரிமையாளர். அதன் ஒளிபரப்பு எட்டிய பிரதேசத்தில் ஏறக்குறைய 45 வீதமானோர் கறுப்பின மக்கள். ஆயினும் அவர்களது குரல் அந்நிலையத்தில் ஒலிக்கவில்லை.

1955 இல் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வாதாடிய சட்டத்தரணி தேர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சி ஒன்றில் தோன்றினார். ஜக்சனில் அவ்வேளை திரையில் தெரிந்தது "மன்னிக்கவும், கேபிள் கோளாறு" என்ற அறிவித்தலே. 1962 இல் கறுப்பினத்தவரான போதகர் ஆர். எல். ரி. சிமித் காங்கிரஸ் வேட்பாளராக நின்றபோது, பணம் கொடுத்தும் பிரசார நேரம் பெற முடியாதென முதலில் மறுக்கப்பட்டார். கறுப்பின மக்களைக் குறிப்பிடும்போது 'திரு', 'திருமதி' என்ற மரியாதைச் சொற்களும் தவிர்க்கப்பட்டன என்பது மக்களின் முறைப்பாடுகளில் ஒன்று.

1963 மே மாதத்தில் நகர மேயர் தொலைக்காட்சியில் தோன்றி உரிமைப் போராட்டத்தைக் கண்டித்தார். பதில் கூறும் உரிமை தமக்கு உண்டென்று மெட்கர் எவேர்ஸ் என்னும் தலைவர் வற்புறுத்தினார். அக்காலத்தில் அமெரிக்காவில் 'நியாயக் கோட்பாடு' என்ற விதி நடைமுறையில் இருந்தது. பொது முக்கியத்துவமுள்ள விடயங்களில் மாறுபட்ட கருத்துக்களுக்கும் இடமளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். மே 20 ஆம் திகதி அவருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. அடுத்த மாதம் 12 ஆம் திகதி அவர் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நியாயமான செய்தி கேட்பதற்கு அங்கு கொடுக்கப்பட்ட விலை எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்து உணரலாம்.

முறைப்பாட்டிலிருந்து சான்றுக்கு

அமெரிக்காவின் கிறிஸ்துவின் ஐக்கிய திருச்சபையில் தொடர்பாடல் பணிக்குப் பொறுப்பாயிருந்தவர் போதகர் எவரெற் பார்க்கர். வெறும் கண்டன அறிக்கை போதாது என்பதை அவர் கண்டுகொண்டார். 1964 மார்ச் மாதத்தில் ஜக்சனில் தொண்டர் குழுவொன்று இரகசியமாகப் பயிற்றப்பட்டது. அவர்கள் ஒரு வாரம் முழுவதும் அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளைப் பார்த்தனர். யார் தோன்றினார், யார் பேசினார், எவ்வளவு நேரம், என்ன விடயம் என்று குறித்துக்கொண்டனர்.

இக்குறிப்புக்களை ஆதாரமாகக் கொண்டு, நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கூடாதென சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவுக்கு மனுச் செய்யப்பட்டது. ஆணைக்குழு மனுதாரரை ஏற்கவில்லை. அலைவரிசை இடையூறோ வர்த்தக நட்டமோ அடைந்தவர்களுக்கே முறையிடும் தகுதி உண்டு என்பது அதுவரை இருந்துவந்த வழக்கம். பார்ப்பவருக்கு என்ன நட்டம் என்பதே கேள்வி.

மக்கள் சோரவில்லை, நீதிமன்றம் சென்றனர். 1966 இல் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், நேயர்களின் பொறுப்புள்ள பிரதிநிதிகளுக்கு முறையிடும் தகுதி உண்டெனத் தீர்த்தது. ஆணைக்குழு விசாரணை நடத்தி, 1968 இல் மீண்டும் நிலையத்தின் பக்கமே சாய்ந்தது. மக்கள் திரும்பவும் வழக்காடினர். 1969 இல் நீதிமன்றம் அந்த அனுமதியை இரத்துச் செய்தது. 1971 இல் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து நடத்திய இலாபநோக்கற்ற அமைப்பொன்று நிலையத்தைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றது. மறு ஆண்டு கறுப்பினத்தவர் ஒருவர் அதன் முகாமையாளரானார்.

'நியாயக் கோட்பாடு' 1987 இல் கைவிடப்பட்டது. ஆனால் நேயரும் ஒரு தரப்பினரே என்ற 1966 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒலி, ஒளிபரப்புச் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பமாக நிலைத்துவிட்டது.

எமது நாட்டில்

இலங்கையிலும் இத்தகைய ஒரு தீர்ப்பு உண்டு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை நடத்திவந்தது. நேயர்களும் அதில் பங்குபற்றினர். 1995 பெப்ரவரியில் அது திடீரென நிறுத்தப்பட்டது. அதில் பங்குகொண்ட நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். அவ்வாறு நிறுத்தியமை, பங்குபற்றும் நேயர் என்ற வகையில் அவரது பேச்சுச் சுதந்திரத்தை மீறியதாகும் என்று 1996 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ.

2001 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 17 ஆவது திருத்தம், தேர்தல் காலத்தில் தொடர்பு சாதனங்களுக்கு வழிகாட்டு நெறிகளை விதிக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு வழங்கியது. 2003 இல் பத்திரிகைத் துறையினர் தாமே பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்தனர். 2016 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. கதவுகள் சில திறந்துள்ளன. தட்டுவதற்கு ஆள் வேண்டும்.

அழுத்தம் வேறு, அச்சுறுத்தல் வேறு

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 1981 இல் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிக்கப்பட்ட நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரியூட்டப்பட்டது. 2006 மே மாதத்தில் 'உதயன்' காரியாலயத்துள் ஆயுதபாணிகள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். ஒரு சாதனத்தின் வாயை அடைப்பது நியாயமான செய்தியைத் தராது. அது செய்தியையே இல்லாதொழிக்கும்.

மக்களின் அழுத்தம் பகிரங்கமானது; பெயரும் கையொப்பமும் உடையது; சான்றுடன் பேசுவது. "இச்செய்தியை நிறுத்து" என்று அது சொல்வதில்லை. "மற்றவரையும் பேச விடு, பிழையைத் திருத்து" என்றே கேட்கும். எமக்கு விருப்பமான கட்சிக்குச் சாதகமாகப் பொய் வந்தாலும் அதே குரலில் கேட்க வேண்டும். இல்லையேல் நாம் நேயர்களல்லர், கட்சிக்காரர்.

நாம் என்ன செய்யலாம்?

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், வாசகர் வட்டம் எதுவாயினும் ஆறு பேர் சேர்ந்தால் ஒரு குழு அமையும். மாறுபட்ட அரசியல் விருப்பமுடையோர் அதில் இருத்தல் நன்று. ஒருவர் தவறவிடுவதை மற்றவர் காண்பார்.

1. ஒரு வானொலிச் செய்தியை அல்லது ஒரு பத்திரிகையைத் தெரிந்து, இரு வாரங்கள் தொடர்ந்து கவனியுங்கள்.

2. கொப்பியொன்றில் கோடிட்டு, திகதி, விடயம், குறிப்பிடப்பட்டவர், தமது சொந்தக் குரலில் பேசியவர், நேரம் அல்லது பத்தியளவு ஆகியவற்றைப் பதியுங்கள்.

3. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பதில் கூற இடம் தரப்பட்டதா எனப் பாருங்கள். செய்தியையும் அபிப்பிராயத்தையும் பிரித்துக் குறியுங்கள்.

4. நிமிடங்களை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். அமைச்சர் வெள்ளநிவாரணம் அறிவிப்பது செய்தி. அதே மேடையில் அவர் வாக்குக் கேட்பது பிரசாரம். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும்.

5. முடிவை முதலில் ஆசிரியருக்கு மரியாதையாக எழுதுங்கள். நல்லதைப் பாராட்டுங்கள். பதில் வராவிடின் உரிய ஆணைக்குழுவுக்குக் கொப்பியின் பிரதியுடன் எழுதுங்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் பேணுங்கள்.

ஜக்சன் மக்கள் மனுச் செய்து நிலையம் கைமாறும்வரை ஏழு ஆண்டுகள் சென்றன. ஒரு கடிதத்தால் எல்லாம் மாறிவிடாது. ஆனால் தன்னைக் கவனித்துக் கணக்கெடுப்போர் உள்ளனர் என்று தெரிந்த செய்தியாளர், அடுத்த முறை பேனாவை எடுக்கும்போது சற்று நிதானிப்பார். மேலிருந்து வரும் கட்டளைக்கு "மக்கள் கேட்பார்கள்" என்று பதில் சொல்ல அவருக்கும் ஒரு பலம் கிடைக்கும்.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தின் பிரச்சினைகளுள் எவை செய்தியாகின்றன? எவை ஆகவில்லை? ஏன்?

2. ஒருதலைப்பட்சமான செய்தி எமக்குச் சாதகமாக இருந்தபோது நாம் என்ன செய்தோம்?

3. தோட்டத் தொழிலாளர், மீனவர், பெண்கள் செய்தியில் தாமே பேசுகிறார்களா, அல்லது அவர்களைப் பற்றி வேறொருவர் பேசுகிறாரா?

4. அடுத்த தேர்தலுக்கு முன் எமது குழு எந்தச் சாதனத்தைக் கவனிக்கப் போகின்றது? கொப்பி யாரிடம் இருக்கும்?