கொடுப்பதற்கு முன் முப்பது பக்கம்

பழைய புத்தகங்களைக் கழிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சிலர் அட்டையைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டு, அடுத்த புத்தகக் காட்சியில் அதே புத்தகத்தை முழு விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள். வேறு சிலர் "ஒரு தடவை புரட்டிட்டுத் தர்றேன்" என்று முதல் புத்தகத்தைக் கையில் எடுத்து, விளக்கு வைக்கிற நேரம்வரை அதிலேயே கிடந்து, ராத்திரி எல்லாவற்றையும் திரும்பப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் கொடுப்பதற்காகப் படிப்பது ஒரு தனி வேலை, ரசித்துப் படிக்கிற மாதிரி இதைச் செய்தால் ஒரு புத்தகமும் வீட்டை விட்டு நகராது.

போகிக்கு முந்தின வாரமும் வீடு மாற்றுவதற்கு முந்தின வாரமும் இதற்கு ஆகாது. அவசரத்தில் நல்ல புத்தகங்கள் எடைக்குப் போய்விடும். வேறு எந்த வேலையும் கழுத்தைப் பிடிக்காத ஒரு மாதத்தில், ஒரு நேரத்துக்கு ஒரு தட்டு என்று இறக்குங்கள்.

இறக்கியதும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ராமபாணம் ஓடினாலோ, பக்கங்களில் துளை தெரிந்தாலோ அந்தப் புத்தகத்தைத் தனிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அதை நூலகத்துக்குக் கொடுத்தால் அங்கே இருக்கிற புத்தகத்துக்கும் தொற்றும்.

அடுத்தது, படிக்காமலே போகவேண்டியவை. பழைய பாடத்திட்டத்துப் போட்டித் தேர்வு கைடுகள், காலாவதியான வருமான வரிக் கையேடுகள், விண்டோஸ் 98 காலத்துக் கணினிப் புத்தகங்கள். இவற்றை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், நேராகப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்புங்கள். அகராதிகளை யாரும் மறுவாசிப்பு செய்வதில்லை, எடுத்துப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முழுவதும் இணையத்தில் தேடிப் பார்க்கிற வசதியோடு கிடைக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2020 பதிப்பு உங்களிடம் இருந்தால் 1992 பதிப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம். வாங்கி இன்னும் படிக்கவே படிக்காத புத்தகங்களையும் தனியே வையுங்கள். அவற்றின் கணக்கு வேறு, இதோடு கலந்தால் இரண்டும் கெடும்.

இப்போது மீதியிருப்பவை ஒருகாலத்தில் நீங்கள் படித்த, பிடித்த புத்தகங்கள். எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து படிக்காதீர்கள். அங்கே உட்கார்ந்தால் ஒன்றைப் படிக்கும்போதே கண் அடுத்ததற்குப் போகும். ஐந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு அறைக்கோ மொட்டை மாடிக்கோ போய்விடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. வீட்டில் கூப்பிடுகிற குரல் அங்கே எட்டாது.

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. பிடித்த நாவலின் ஆரம்பம் நமக்குப் பாதி மனப்பாடம். அதைப் படிக்கும்போது பழைய நாட்கள்தான் கண்ணில் ஓடும், கல்லூரி விடுதி, கடன் கொடுத்த நண்பன், மழை எல்லாம் வரும், எழுத்து எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு தள்ளி, ஞாபகம் மங்கிய ஓர் இடத்தில் திறந்து முப்பது பக்கம் படியுங்கள். பலவீனமான நாவல் நடுவில்தான் மூச்சு வாங்கும்.

சிறுகதைத் தொகுப்பு என்றால் எல்லோருக்கும் தெரிந்த கதையை விட்டுவிடுங்கள். புதுமைப்பித்தனை எடுத்ததும் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பக்கம் கை போகும். அதில் உங்களுக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. பொருளடக்கத்தில் எந்தத் தலைப்பைப் பார்த்தால் கதை ஞாபகம் வரவில்லையோ அதைப் படியுங்கள். கவிதையை வாய்விட்டுப் படியுங்கள், கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு.

தொடர்கதையாக வந்தவற்றில் ஒரு பொறி இருக்கிறது. வாராவாரம் வாசகரை இழுத்துப் பிடிக்க எழுதப்பட்டவை அவை. குமுதத்தில் வந்த சாண்டில்யனின் 'கடல் புறா'வை எங்கே திறந்தாலும் அத்தியாய முடிவு அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிவிடும். விறுவிறுவென்று ஓடுவதை வைத்து, இன்னும் பிடிக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த மாதிரிப் புத்தகத்தை முப்பது பக்கத்தில் மூடி, கட்டில் ஓரம் வைத்துவிடுங்கள். இரண்டு நாள் அதைத் தொடாமல் உங்களால் இருக்க முடிந்தால் அது போகலாம்.

சரி, படித்தாயிற்று. என்ன பார்க்க வேண்டும்? பிடித்ததா என்று கேட்டுக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் எல்லாப் பழைய புத்தகமும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். போன தடவை பார்க்காத எதையாவது இந்தத் தடவை பார்த்தீர்களா என்று கேளுங்கள். 'மோகமுள்'ளை இருபது வயதில் படிக்கிறவருக்குப் பாபுவும் யமுனாவும் மட்டுமே கண்ணில் நிற்பார்கள். ஐம்பதில் அதே புத்தகத்தை எடுத்தால் ரங்கண்ணா பாட்டுச் சொல்லித்தருகிற இடங்களிலும், பாபுவின் அப்பா வைத்தி மகனைப் பார்க்கிற பார்வையிலும் போய் நின்றுவிடுகிறோம். அப்படி இன்னொரு புத்தகமாக ஆகிவிட்டதை நான் கொடுக்க மாட்டேன். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' எனக்கு வேறு மாதிரி. அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள், அத்தனை பேரைப் பிடித்து ஆட்டிய நாவல். மறுபடி திறந்தால் மரியாதை இருக்கிறது, ஆனால் பதினெட்டு வயதில் பார்த்ததைத் தாண்டி எனக்கு அதில் எதுவும் தென்படவில்லை. இன்று பதினெட்டு வயதில் இருக்கிற யாருக்காவது அது போக வேண்டியதுதான். உங்களுக்கு நேர்மாறாக இருக்கலாம், அதில் சண்டை இல்லை.

ஒருகாலத்தில் பாதியில் மூடிய புத்தகங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை முதல் முயற்சியில் கீழே வைத்தவர்கள் ஏராளம். மெடானும் பினாங்கும் கலந்த பேச்சு, நடுநடுவே நினைவோட்டம் என்று பழகுவதற்கு நேரம் எடுக்கும். இப்படிப்பட்டதற்கு முப்பது பக்கம் போதாது, நூறு கொடுங்கள்.

படித்து முடித்த அன்றே முடிவு எடுக்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதி உள்ளே வையுங்கள். "நடை நன்று", "அலுப்பு", "அப்பா பகுதிக்காக மட்டும்" என்று எதுவானாலும் சரி. ஒரு வாரம் கழித்துச் சீட்டுகளை மட்டும் படித்து அடுக்குங்கள், புத்தகத்தைத் திரும்பத் திறக்கவே கூடாது. இந்தச் சீட்டு வேலையை அலட்சியம் செய்கிறவர்கள்தான் ஒரே புத்தகத்தைக் கொடுக்கிற குவியலுக்கும் வைக்கிற குவியலுக்கும் நடுவே தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

புரட்டும்போது உள்ளேயிருந்து பஸ் டிக்கெட், காய்ந்த பூ, ரேஷன் ரசீது, கல்யாண வாழ்த்து எல்லாம் விழும். விழுந்தது உங்களுடையது, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் அதற்காகவே வீட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. "அன்புடன்" என்று கையெழுத்துப் போட்ட பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். தயவுசெய்து கிழிக்காதீர்கள். அந்தப் பக்கத்தின் முதுகில்தான் பல சமயம் பதிப்பு, வருடம், அச்சகம் எல்லாம் இருக்கும். அது போனால் புத்தகத்தின் பிறப்புச் சான்றிதழே போன மாதிரி. பெயரை மறைக்க வேண்டுமானால் அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டுங்கள். அப்பாவோ தாத்தாவோ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும். நீங்களே இருபது வயதில் போட்ட அடிக்கோடுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வேறு யாருடைய பெயராவது முதல் பக்கத்தில் இருந்தால் அது இரவல் வாங்கியது. எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அது அவருக்குத்தான் போக வேண்டும். அதைத் தானம் செய்து புண்ணியம் தேடிக்கொள்ள வேண்டாம். கணவன் அல்லது மனைவியின் புத்தகங்களையும் இதில் சேர்க்காதீர்கள், அவர்களுடைய முப்பது பக்கத்தை அவர்களே படிக்கட்டும்.

கொடுக்கலாம் என்று ஆனவற்றை மறுபடி கிடைக்குமா என்று ஒருமுறை பாருங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ பதிப்பகங்களில் கிடைக்கிறது, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்திலும் இருக்கிறது. அதை இடத்துக்காகக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் பாட்டி வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து நூல் போட்டுத் தைத்த பைண்டிங் பிரதி வேறு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியம் வரைந்த படங்களோடு அந்த நாவல் வந்தது. ஆனந்த விகடனில் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்தார். புத்தகமாக வாங்குகிற பதிப்புகளில் பெரும்பாலும் அந்தப் படங்கள் இருக்காது, பக்கத்து விளம்பரங்களும் இருக்காது. சோவியத் நாட்டிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிய தமிழ் மொழிபெயர்ப்புகளுக்கும் இதே கவனம் தேவை. சிலவற்றை இங்கே மறுபதிப்பு செய்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் அல்ல. வாசகர் வட்டம் வெளியீடுகள், 'எழுத்து' போன்ற சிறுபத்திரிகை இதழ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், ஊர்க் கோயிலின் தலபுராணம், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர் ஆகியவற்றையும் எடைக்குப் போடும் முன் யோசியுங்கள். பழைய முத்து காமிக்ஸ் இருந்தால் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நீங்களே ஒளித்து வையுங்கள்.

இந்த அரிய வகையைக் கிளை நூலகத்துக்குத் தரவும் வேண்டாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. காரைக்குடி பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ஒருவர் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சேர்த்து வைத்தவற்றிலிருந்து 1994இல் உருவானது அது. முதலில் ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள். ஈழத்து வெளியீடுகள் இருந்தால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் அவை ஏற்கெனவே ஏறியிருக்கின்றனவா என்று தேடிப் பார்த்துவிட்டு அவர்களுக்கு எழுதலாம்.

மற்றவற்றுக்கு உங்கள் தெருக் கிளை நூலகம் போதும், ஆனால் நூலகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குழந்தைப் புத்தகங்களை எங்கேயும் மறுக்க மாட்டார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைவாசிகளுக்காகப் புத்தகம் வாங்கிக்கொள்கிற அரங்கை அமைத்திருக்கிறார்கள், அங்கே நாவல்களுக்கு நல்ல வரவேற்பு. எங்கே கொடுத்தாலும் தாளைச் சோதித்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையை மெதுவாக மடித்து நிமிர்த்தினால் அது ஒடிந்து கையோடு வரக் கூடாது. வந்தால் அந்தப் புத்தகம் நான்கு பேர் கை மாறத் தாங்காது, இரவல் கொடுக்கிற நூலகத்துக்கு அதனால் உபயோகமில்லை. ஐந்து பாகம் உள்ளதை ஐந்தாகவே கொடுங்கள், மூன்றாம் பாகத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பழைய புத்தகக் கடைக்குக் கொண்டுபோனால் பேரம் பேசாதீர்கள். அவர் அதை விற்க எத்தனை மாதம் நடைபாதையில் காத்திருக்க வேண்டுமோ.

அட்டைப்பெட்டி சின்னதாக இருக்கட்டும், பெரிய பெட்டி புத்தகக் கனத்தில் அடி விட்டுவிடும். படுக்கவைத்து அடுக்கி, மேலே பட்டியல் ஒன்று வைத்து, அன்றே டேப் ஒட்டி வண்டியில் ஏற்றுங்கள். கூடத்தில் வைத்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து ஒன்றை எடுத்து, "அய்யய்யோ, இதையா கொடுக்கறீங்க?" என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை, அந்தப் புத்தகத்தை ஒரு பையில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பிவிடுவேன்.