எகிறும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய கதவுப் பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்பாதியில் கொடி அழகாக ஓடியிருக்கிறது. பாதிக்குக் கீழே மொத்த வேலைப்பாடும் இரண்டு மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. அந்த இடத்தில் மோட்டார் கீச்சிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கப்ளிங், பால் ஸ்க்ரூ, டிரைவர் எல்லாம் பார்த்தாயிற்று. ‘கம்ப்யூட்டர் பழசு, புதுசு வாங்கு’ என்கிறார்களாம் பட்டறைக்கு வருகிறவர்கள். கொஞ்சம் பொறுங்கள். தேக்குப் பலகை போன வருத்தத்தோடு இன்னொரு செலவு வேண்டாம்.

உங்கள் செதுக்கு எந்திரத்தை ஓட்டுவது லினக்ஸ்சிஎன்சி மென்பொருள். பேரலல் போர்ட் வழியாகக் கணினியே டிரைவருக்கு நேரடியாகத் துடிப்பு அனுப்புகிறது. மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் என்றால் 1,600. ஸ்க்ரூ சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தினால், ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. நிமிடத்துக்கு 1,800 மி.மீ. வேகத்தில் நொடிக்கு 9,600 துடிப்பு போக வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 104 மைக்ரோநொடிதான்.

கட்டட வேலையில் கீழே நிற்பவர் செங்கல்லை வீச, சாரத்தில் நிற்பவர் பிடித்து அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் எவ்வளவானாலும் சீராக வந்தால் கை பழகிவிடும். ஒரு கல் பிந்தி, அடுத்தது அதை ஒட்டியே வந்தால் போச்சு. ஓட்டத்தில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டாரும் அப்படித்தான் நழுவுகிறது. நழுவியது கணினிக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே நினைத்து அடுத்த வரியைச் செதுக்கப் போய்விடும். உங்கள் கொடி தள்ளி நிற்பது அதனால்தான்.

கணினி நேரம் தவறுவதை அளக்கும் லேட்டன்சி டெஸ்ட் ஓட்டினேன், 9,000 நானோநொடி காட்டியது, நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எத்தனை நேரம் ஓட்டினீர்கள்? ஐந்து நிமிடம், வேறு எதையும் தொடாமல். பெண் பார்க்க வரும் நாளில் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சோதனையை ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். கூடவே பெரிய கோப்பை நகலெடுங்கள், பென் டிரைவைச் செருகிப் பிடுங்குங்கள், திரையில் ஜன்னல்களை இழுத்து அலையவிடுங்கள், பாட்டுப் போடுங்கள். அதிகபட்சம் எவ்வளவு தவறியது என்று சொல்லும் மேக்ஸ் ஜிட்டர் என்ற எண் 20,000க்குள் நின்றால் அருமை. 30,000 முதல் 50,000 வரை என்றால் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். 1,00,000ஐத் தாண்டினால் பேரலல் போர்ட் வேலைக்கு ஆகாது. சராசரியை மறந்துவிடுங்கள், பலகையைக் கெடுப்பது ஒரே ஒரு மோசமான நொடி.

அந்த எண் எவ்வளவு என்று மட்டுமே எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, அது எப்போது எகிறியது என்பதை. திரையில் இதுவரையான உச்சம் மட்டும் நிற்கும். வந்த நேரம் நிற்காது. அதனால் பக்கத்தில் ஒரு கடிகாரமும் நோட்டும் வையுங்கள். எகிறியதும் மணியைக் குறித்துக்கொண்டு, ரீசெட் பொத்தானை அழுத்தித் திரும்பக் காத்திருங்கள்.

ஜன்னலை இழுக்கும்போது எகிறினால் திரைப் பக்கம் சந்தேகப்படுங்கள். போர்டிலேயே இருக்கும் வீடியோ, நினைவகத்தைக் கணினியோடு பங்கு போட்டுக்கொள்ளும். தனி வீடியோ கார்டு போட்டோ, சாதாரண வெசா டிரைவருக்கு மாற்றியோ பாருங்கள்.

சும்மா இருக்கும்போது எகிறி, வேலை கொடுத்ததும் அடங்கினால், பிராசஸர் தூங்கப் போகிறது என்று அர்த்தம். எழுந்து வர நேரமாகிறது. பயாஸில் சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் இரண்டையும் அணையுங்கள். ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் அதையும். சூடு கூடும், ஆகவே முதலில் ஃபேனில் அடைந்திருக்கும் மரத்தூளை ஊதி எடுங்கள்.

எந்த வேலைக்கும் சம்பந்தமில்லாமல் சீரான இடைவெளியில் வந்தால்? அதுதான் என்னை மூன்று வாரம் படுத்தியது. என் பழைய பெட்டியில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை 2,00,000க்கு மேல் குதிக்கும். கெர்னலை மாற்றினேன், ராமை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் கடிகாரத்தோடு உட்கார்ந்தபோதுதான் அந்த ஒழுங்கு பிடிபட்டது. எஸ்எம்ஐ என்று ஒன்று உண்டு: பயாஸ் தன் சொந்த வேலைக்காகப் பிராசஸரையே பிடுங்கிக்கொள்ளும் குறுக்கீடு. ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்காமலே அது நடக்கும், வந்துவிட்டால் நிறுத்தவும் முடியாது. என் பெட்டியில் யூஎஸ்பி லெகசி சப்போர்ட் என்ற வரியை அணைத்ததும் எண் 14,000க்கு வந்து நின்றது. அணைத்த பிறகு யூஎஸ்பி கீபோர்டு பயாஸுக்குள் வேலை செய்யாமல் போகலாம். பழைய உருண்டை முனை பிஎஸ்2 கீபோர்டு ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டு அணையுங்கள். எஸ்எம்ஐயை மொத்தமாக அடைக்கும் வழிகளும் சொல்வார்கள். சில போர்டுகளில் சூட்டுப் பாதுகாப்பே அதை நம்பித்தான் இருக்கிறது. அங்கே கை வைக்காதீர்கள்.

உங்களுடையது இரண்டு கோர். பூட் வரியில் ‘ஐசோல்சிபியூஸ்=1’ என்பதை ஆங்கிலத்தில் சேர்த்தால் இரண்டாவது கோர் இந்த வேலைக்கென்றே ஒதுங்கிவிடும். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

இன்னொன்று: எதிர்பாராத தாமதம் என்று லினக்ஸ்சிஎன்சி ஒரு செய்தி காட்டும். திறந்ததிலிருந்து மூடும்வரை ஒரே தடவைதான் காட்டும். ஒரு தடவைதானே என்று க்ளிக் செய்து ஒதுக்கிவிடாதீர்கள். பின்னால் எத்தனை வந்தன என்று அது சொல்லாது.

புதுசு வாங்கச் சொல்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருங்கள். இன்டெலின் டி510எம்ஓ, டி525எம்டபிள்யூ என்ற ஆட்டம் போர்டுகள் வெளிவந்த காலத்திலேயே மெதுவானவை. ஆனால் நேரம் தவறாததால் இந்த வேலைக்கு அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். எல்லாம் செய்தும் எண் இறங்கவில்லை என்றால், துடிப்பைத் தானே உருவாக்கும் மெசா கார்டு ஒன்று போடுங்கள். அப்போது கணினி மில்லிநொடிக்கு ஒரு முறை கட்டளை தந்தால் போதும். உங்கள் பழைய கணினியே சமாளிக்கும்.

அடுத்த பலகை தேக்காக வேண்டாம், எம்டிஎஃப் போதும். அடுத்த கடிதத்தில் எண்ணோடு மணியையும் எழுதுங்கள். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலே எனக்குப் போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய பெட்டிக்காரன்