800 போதும்

கொல்கத்தா நியூ டவுன், ஆக்‌ஷன் ஏரியா இரண்டில் குடியிருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் கோயம்புத்தூர்ப் பசங்களோடு வாலரன்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். முதல் கேமிங் மவுஸ் வாங்கிய அன்றே அதன் சாஃப்ட்வேரைத் திறந்து டிபிஐயை (மவுஸ் ஓர் அங்குல நகர்வை எத்தனை புள்ளிகளாக எண்ணும் என்ற கணக்கு) 3200-க்கு ஏற்றினேன். பெட்டியில் 8000 என்று போட்டிருந்ததால் 3200 எனக்கு அடக்கமாகத்தான் தெரிந்தது.

"மாப்ள, நீ குறி வைக்கறியா, இல்ல கோலம் போடறியா?" என்றான் ஒருத்தன். ஸ்கேலை எடுத்து அளக்கச் சொன்னதும் அவன்தான்.

மவுசைப் பேடின் இடது ஓரத்தில் வைத்து, ஆட்டத்தில் நம் ஆள் ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை வலப்பக்கம் இழுத்தேன். 10 சென்டிமீட்டர்தான். விரல் கொஞ்சம் நடுங்கினாலே குறி தலையை விட்டுச் சுவருக்குப் போகும். ஆட்டத்துக்குள் இருந்த சென்சிட்டிவிட்டி 0.4-ஐத் தொடாமல், டிபிஐயை மட்டும் 800-க்கு இறக்கினேன். இப்போது 41 சென்டிமீட்டர். தோள் வலித்தது, பெரிய பேடும் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் சுட்டது பட்டது.

800-ஐயும் 0.4-ஐயும் பெருக்கினால் 320 வருகிறது. கணக்கு அந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது, 1600-ம் 0.2-ம் வைத்தாலும் அதே வேகம்தான். நல்லா ஆடுகிறவனிடம் டிபிஐயை மட்டும் கேட்டுக்கொண்டு வருவது, தெருப் பெயர் இல்லாமல் கதவு எண்ணை வாங்கி வருகிற மாதிரி.

அடுத்த வேலை, சாஃப்ட்வேரில் இருந்ததை எல்லாம் குறைப்பது. சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பட்டனுக்கு ஐந்து டிபிஐ படிகள் வைத்திருந்தார்கள். சண்டை நடுவே கை பட்டால் ஆட்டமே மாறிவிடும். ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அழித்தேன். போலிங் ரேட் 1000. மவுஸ் தன் நகர்வை மில்லிசெகண்டுக்கு ஒரு முறை சொல்லும். 125-ல் வைத்தால் எட்டு மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு டிக் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், எடுத்துவிடுங்கள். கை வேகத்துக்குத் தக்கபடி தூரத்தை மாற்றுகிற வேலை அது. ஒரே அழுத்தில் பல கட்டளைகளை ஓட்டும் மேக்ரோவை ஆன்லைன் ஆட்டத்துக்கு வைக்காதீர்கள், கணக்கே முடங்கக்கூடும். எனக்குப் பக்கவாட்டுப் பட்டன்கள் காப்பி, பேஸ்ட். எக்செலில் அதுதான் சொர்க்கம்.

இவ்வளவும் செய்தவன் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு ஏப்ரல் மாலை காலபைசாகி அடித்தது. இங்கே கோடையில் திடீரென்று வருகிற புயல்மழை அது. கரண்ட் போய்விட்டது. மவுசை மட்டும் தூக்கிக்கொண்டு, ஜெனரேட்டர் இருந்த பக்கத்து டவர் நண்பன் வீட்டுக்கு ஓடினேன். அவன் கம்ப்யூட்டரில் செருகியதும் மவுஸ் வானவில்லாக மின்னியது. நான் அணைத்து வைத்திருந்த விளக்கு! விளையாட்டுக் கணக்கோடு 0.4 வந்துவிட்டது, 800 வரவில்லை. நான் செட் செய்ததெல்லாம் என் கம்ப்யூட்டரிலேயே கிடந்திருக்கிறது.

மவுசுக்குள்ளேயே சேமிக்க 'ஆன்போர்டு மெமரி' என்று ஒரு இடம் உண்டு. லாஜிடெக்கின் ஜி ஹப், ரேசரின் சினாப்ஸ் போன்றவற்றில், மாடலுக்கு அந்த வசதி இருந்தால், அதில் எழுதிவிடலாம். எல்லா மாடலிலும் கிடையாது. வாங்கும்போது பெட்டியில் தேட வேண்டியது 8000-ஐ அல்ல, இதை. ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். அப்படி எழுதி வைத்த என் மவுசுக்கு அந்தக் கவலை இல்லை.

போன வருஷம் இடது பட்டன் ஒரு அழுத்துக்கு இரண்டு கிளிக் விழ ஆரம்பித்தது. சாஃப்ட்வேரில் டிபவுன்ஸ் நேரத்தை (ஒரு கிளிக்குக்குப் பின் அடுத்ததை ஏற்காமல் காத்திருக்கும் நேரம்) 4-லிருந்து 12 மில்லிசெகண்டுக்கு ஏற்றி இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு சாந்தினி மார்க்கெட். கடைக்கார தாதா (இங்கே தாதா என்றால் அண்ணன், பயப்பட வேண்டாம்) பழைய சுவிட்சைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்து, கடையின் அரதப்பழசான கம்ப்யூட்டரில் செருகினார். விளக்கு எரியவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"டீக் ஆச்சே, தாதா" (சரியாத்தான் இருக்கு, அண்ணே) என்றேன்.