மிளகாய்ச் செய்கையில் பசளையும் நீரும்

மிளகாய்ச் செடி இடுப்பளவு உயர்ந்து, இலை கரும்பச்சையாய்ச் செழித்து நிற்க, காய் மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்கதாயிருப்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். அயற்றறையிலோ அத்துணைச் செழிப்பில்லாத செடிகளிற் கொத்துக்கொத்தாய்க் காய் தொங்கும். விதையும் மண்ணும் ஒன்றாயிருந்தும் விளைவு வேறுபடுவதற்குப் பசளையிட்ட காலமும் நீர் இறைத்த முறையுமே பெரும்பாலும் காரணமாகும்.

செடியின் இலையையும் கிளையையும் வளர்ப்பது நைதரசன். 50 கிலோகிராம் யூரியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. இதனை ஒரே முறையில் இட்டால் செடி இலையாகவே பெருகும், பூப்பது பிந்தும், பூத்தவையும் உதிரும். மென்மையான தளிரைச் சாறுறிஞ்சும் பூச்சிகள் நாடிவரும். ஆகவே யூரியாவைப் பகுத்திடல் வேண்டும். நாற்று நட்டு 2, 4, 8, 12 ஆம் வாரங்களில் இடுவது ஏற்ற முறையாகும். பொசுபரசுப் பசளை மண்ணில் எளிதில் நகராததால், அதனை நடுகைக்கு முன்பே மண்ணுடன் கலந்துவிட வேண்டும். நன்கு உக்கிய மாட்டெருவும் அப்பொழுதே சேர வேண்டியது. உக்காத எருவை இட்டுப் பின் கறையானுக்கு வருந்துவதிற் பயனில்லை. பசளையின் சரியான அளவை மண் பரிசோதனையைக் கொண்டே தீர்மானித்தல் நன்று.

காய்ந்த மண்ணின் மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அமோனியா வாயுவாய்ப் பறந்துபோகும். ஈரமண்ணில், செடியின் அடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளியிட்டு, மண்ணால் மூடி, அளவாக நீர் விடுதல் வேண்டும். அளவாக என்பது ஈண்டு முக்கியமானது. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறியபின் மண்ணோடு ஒட்டி நில்லாது. மிகையாகப் பாய்ச்சிய நீருடன் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விழப்பு பசளைச் செலவோடு முடிவதன்று. அங்கே வற்றாத ஆறு எதுவுமில்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நிலத்தடி நீரே ஆதாரம். செம்பாட்டு மண்ணின் கீழுள்ள சுண்ணக்கற் பாறை வெடிப்பும் பொந்தும் உடையது. தோட்டத்திற் கழுவுண்ட நைத்திரேற்று அவ்வழியே கிணற்றைச் சேரும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் சிலவற்றில் இவ்வளவைக் கடந்த நைத்திரேற்றுக் காணப்பட்டுள்ளது. அந்நீரிற் கரைத்த பால்மாவைப் பருகும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்கு அளவுகோலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. கரையோரக் கிணறுகளில் மிகையாக இறைத்தால் கீழிருந்து உவர்நீர் மேலேறும். மிளகாயோ உப்பைத் தாங்கும் வலிமை குறைந்த பயிர்.

எப்பொழுது இறைப்பது என்பதை நாட்கணக்கால் மட்டும் தீர்மானித்தல் தகாது. வேரருகே அரையடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையிற் பிடிக்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் இறைப்பைத் தள்ளிப் போடலாம். உதிர்ந்தால் இறைக்க வேண்டும். களிமண் காய்ந்தும் கட்டியாக நிற்குமாதலால், அதில் விரலுக்கு ஈரம் தெரிகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். பூக்கும் காலத்திலும் பிஞ்சு பிடிக்கும் காலத்திலும் மண் காய்ந்துபோக விடலாகாது. விட்டாற் பூவும் பிஞ்சும் உதிரும்.

காயின் நுனி வெளிறிக் குழிந்து, பின் கறுத்து அழுகுவதைக் கண்டவுடன் மருந்து தெளிப்போர் பலர். இது பலவேளைகளில் நோயன்று. காய்க்குக் கல்சியம் எட்டாமையால் வருவது. சுண்ணக்கல் நிலத்திற் கல்சியத்துக்குப் பஞ்சமேது என்று வினவலாம். கல்சியம் வேரிலிருந்து நீரோட்டத்துடன் மட்டுமே மேற்செல்லும். ஒரு கிழமை காயவிட்டு மறுநாள் வெள்ளமாய்ப் பாய்ச்சினால் அவ்வோட்டம் சீர்குலையும். நைதரசன் மிகுந்து இலை பெருத்த செடியில் அந்நீரின் பெரும்பங்கை இலைகளே ஈர்த்துக்கொள்ளும். இதற்கு ஒழுங்கான இறைப்பே மருந்து. வைக்கோலை மூடாக்காக இட்டால் ஈரம் நிலைக்கும்.

சிறுபோகத்தில் வயல் நிலத்தில் மிளகாய் நடுவோர் நெல்லுக்குப் பழகிய கையால் நீர் விடுதல் ஆகாது. மேட்டுப் பாத்தியும் வடிகாலும் இன்றியமையாதவை. தேங்கிய நீரில் வேர் மூச்சுவிட இயலாது அழுகும். செடி நீருள் நின்றே வாடும்.

செத்தலுக்காகச் செய்கை பண்ணுவோர் பொற்றாசியத்தைப் புறக்கணிக்கலாகாது. காயின் நிறைக்கும் நல்ல நிறத்துக்கும் அது உதவும். நீர் குறைந்தால் உறைப்புக் கூடுவதுண்டு. ஆயின் காய் சிறுத்து நிறை குறைவதால், உறைப்பை விரும்பிப் பயிரை வாடவிடுவது இலாபமன்று. பழுக்கும் காலத்தில் இறைப்பைச் சற்றுக் குறைத்தாற் காய்கள் ஒருமிக்கப் பழுக்கும். நன்கு சிவந்த பழங்களை மட்டும் ஆய்ந்து, வெறுந்தரையிலன்றிப் பாயிற் பரப்பி, ஈரப்பதன் நூற்றுக்குப் பத்தளவாகும்வரை உலர்த்துதல் வேண்டும். அவ்வாறு உலர்ந்த செத்தலைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும்.