லயத்து வானொலி

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை ‘லயம்’ என்பர். தகரக் கூரையுடைய அவ்வீடுகளில், மாலையில் வேலை முடிந்தபின் சிற்றலை வானொலியில் தமிழ்க் குரலைத் தேடுவது முன்பு வழக்கமாக இருந்தது. 1941இல் இலண்டனிலிருந்து தொடங்கிய பிபிசி தமிழோசை, 2017இல்தான் தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. செய்தி வாசிக்கும் வேளையில் இரைச்சல் மிகுந்தால் சிலர் பெட்டியைத் தட்டுவர். தட்டினால் அலை தெளிந்துவிடுமா? புதுப் பெட்டி வாங்கலாம் என்றால், கூலியில் மிச்சம் பிடித்த பணம் அதற்குப் போதுமா?

முதலில் அலை வரும் வழியை அறிவோம். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். மலை குறுக்கிட்டால் தடைப்படும். சிற்றலையோ, ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கும் மேலேயுள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து தரைக்குத் திரும்பும். இம்மண்டலம் இருப்பதை 1924இல் எட்வர்டு ஆப்பிள்டன் ஆய்ந்து காட்டினார். 1947இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இடையில் நின்றாலும் குரல் வானிலிருந்து இறங்கி வரும். மலையைத் தாண்டிய அந்த அலையைத் தகரக் கூரைதான் மறித்துவிடுகிறது!

எனவே முதலில் மாற்ற வேண்டியது பெட்டியை அன்று, அலைவாங்கியை. ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள, உறையிட்ட செப்புக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையை நைலான் கயிற்றால் வெளியிலுள்ள மரத்தில் கட்டி, மறுமுனையைச் சன்னல் வழியே கொணர்ந்து வானொலியின் நீட்டுக் கம்பியோடு இணைக்க வேண்டும். மின்கம்பிக்கு அருகில் கட்டலாகாது. கம்பி மிக நீண்டாலும் தொல்லையே. சிறிய பெட்டியில் பல நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். அலைபெருக்கி வாங்குவோரும் உண்டு. அது குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

காசு செலவில்லாத வழியும் உண்டு. எல்இடி விளக்கையும் கைப்பேசி மின்னேற்றியையும் அணைத்துவிட்டு, மின்கலத்தில் வானொலியை இயக்கிப் பாருங்கள். இரைச்சலில் பாதி வீட்டுக்குள்ளேயே பிறந்தது என்பது அப்போது தெரியவரும். பகலில் 19, 25 மீட்டர் அலைவரிசைகளும், இரவில் 41, 49 மீட்டர் அலைவரிசைகளும் பொதுவாக நன்கு கேட்கும்.

துலாமழைக் காலத்தில் இடுக்கியில் இடி மிகுதி. வானம் இருண்டவுடன், மின்னல் தோன்றும் முன்பே, வெளிக்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இடி முழங்கும்போது அதைத் தொடவே கூடாது.

பயிற்சி
1. பண்பலை தடைப்படும் இடத்திற்கும் சிற்றலை வந்து சேர்வது ஏன்?
2. பிரித்து எழுதுக: சிற்றலை, அவ்வீடு, செப்புக்கம்பி.
3. உங்கள் தாத்தா பாட்டி எந்த நிலையத்தை எந்த நேரத்தில் கேட்டனர்? அவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.