தூக்கணாங்குருவி: பெயரும் பொருளும்

கிணற்றின்மேல் சாய்ந்த கருவேலங்கிளையிலும் பனையோலை நுனியிலும் சுரைக்குடுக்கை போல் ஆடும் கூட்டை நம் அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். அதைக் கட்டும் பறவைக்கு ஊர்வழக்கில் தூக்கணாங்குருவி என்று பெயர். ஆங்கிலப் பெயரைத் தழுவி ‘நெசவாளர் குருவி’ என்று எழுதுவோரும் உளர். நெய்து வாழும் நமக்கு அப்பெயர் இனிக்கவே செய்யும். ஆயினும் பழம்பெயரைக் கைவிடுமுன் அதன் பொருளை அறிதல் வேண்டும்.

‘தூங்கு’ என்றால் இன்று உறக்கமே நினைவுக்கு வருகிறது. பண்டைத் தமிழில் தொங்குதல், அசைதல் என்பன அச்சொல்லுக்குரிய பொருள்கள். வானில் தொங்கிய கோட்டைகளை அழித்த சோழனைத் ‘தூங்கெயில்’ எறிந்தவன் என்று புலவர் போற்றினர். உறங்கும் கோட்டை என்று அதற்குப் பொருள் கொள்வார் இல்லை. மலையாளத்தில் இன்றும் அவ்வினை தொங்குதலையே குறிக்கிறது. தொங்கவிடுதல் ‘தூக்கு’, தொங்கவிடப்படுவது ‘தூக்கணம்’. உறிக்கும் அப்பெயர் உண்டு. எனவே தொங்கும் கூட்டையுடைய குருவி என்பதே பொருள்.

குறுந்தொகை 374ஆம் பாடலில் ‘தூங்கணங்குரீஇ’ என்றும், புறநானூறு 225ஆம் பாடலில் ‘தூக்கணங்குரீஇ’ என்றும் இப்பெயர் வருகிறது. ஆகவே உழவர் வாய்ச்சொல்லைக் கொச்சை என்று தள்ளுவது தவறு. இடையில் ஓர் எழுத்து நீண்டதும் ‘குரீஇ’ குருவியானதுமே மாற்றம்.

குறுந்தொகைப் புலவர் கூடு கட்டுதலைத் ‘தொடுத்தல்’ என்கிறார். தறியறிந்தவர் இதனை ஒப்புவர். இக்குருவியின் வேலையில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நெல், கரும்பு, பனை ஆகியவற்றின் இலைகளை நீள நாராகக் கிழித்து, அலகால் கோத்து முடிச்சிடுகிறது. கட்டுவது ஆண்பறவையே. கூடு பாதி முடிந்ததும் பெண்பறவை வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தாலே நுழைவாயிற்குழல் முற்றுப்பெறும். முழுக்கூட்டுக்கு ஏறத்தாழ 18 நாட்கள் ஆகும். மரங்களில் தலைப்பாகை போல் அரைகுறையாகத் தொங்குவனவற்றுள் பல, பெண்பறவை ஏற்காது விட்டவை.

கதிர் முற்றும் காலத்தில் இது தானியம் தின்பது உண்மை. அப்போது தகரம் தட்டி விரட்டுவதில் குற்றமில்லை. கூட்டை அறுத்தெறிவது வேறு செய்தி. குஞ்சுகளுக்கு இது ஊட்டுவது பெரும்பாலும் வயற்பூச்சிகளையே.